கேஜன் கம்போ: முதன்முறையாகச் சமைப்பவர்களுக்கு

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தின் தென்பகுதியில் கோடைப் புழுக்கம் தணிந்து, வடக்கிலிருந்து முதல் குளிர்காற்று இறங்கும் நாளில் வீட்டுக்கு வீடு கனத்த இரும்புப் பாத்திரம் அடுப்பேறும். அன்றைக்கு என்ன சமையல் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. "இது கம்போ வானிலை" என்ற பேச்சிலேயே பதில் அடங்கிவிடும். கோழியும், புகையூட்டிய பன்றி இறைச்சி சாசேஜும், மூன்று காய்களும், கருஞ்சிவப்பாக வறுத்த மாவும் சேர்ந்து மணிக்கணக்கில் கொதித்து உருவாகும் இந்தக் குழம்பைச் சோற்றின் மேல் ஊற்றிச் சாப்பிடுவார்கள். லஃபயெட் நகரில் சில ஆண்டுகள் குடியிருந்தபோது பக்கத்து வீட்டு அம்மையார் ஒருவரிடம் இதைக் கற்றுக்கொண்டேன். அன்று முதல் குளிர்காலம்தோறும் சமைத்து வருகிறேன். புதிதாகத் தொடங்குபவர்கள் எங்கே தடுமாறுவார்கள் என்பதை என் அடுப்படியிலேயே பார்த்திருப்பதால், அந்த இடங்களில் நின்று நிதானமாகச் சொல்லவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

தொடங்கும் முன்பே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கம்போவின் ஆழமான சுவை முழுவதும் எண்ணெயில் வறுபடும் கோதுமை மாவிலிருந்தே பிறக்கிறது. அந்த வறுத்த மாவுக்கு 'ரூ' என்று பெயர். சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. சுவை போதவில்லை என்று தோன்றும்போது நம் கை தானாக மிளகாய்த்தூளையோ மல்லித்தூளையோ தேடிப் போகும். கம்போவில் அப்படிச் செய்தால் வேறொரு குழம்பு கிடைக்கும், கம்போ கிடைக்காது. ஆகவே கடுகு தாளிப்பும் மஞ்சளும் கறிவேப்பிலையும் இந்தப் பாத்திரத்துக்கு வேண்டாம். மாவை வறுக்கும் முக்கால் மணி நேரத்தைப் பொறுமையோடு அதற்கே கொடுத்துவிட்டால், மற்ற வேலைகள் எளியவை.

இந்தக் குழம்புக்குள் எத்தனை மக்களின் கைகள் இருக்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டால், எந்தப் பொருள் எதற்காகச் சேர்கிறது என்பதும் விளங்கும். கம்போ என்ற பெயரே, ஆப்பிரிக்காவின் பாண்டு மொழிகளில் வெண்டைக்காயைக் குறிக்கும் 'கிங்கோம்போ' போன்ற சொல்லிலிருந்து வந்ததாகப் பெரும்பாலோர் கொள்கின்றனர். அடிமைகளாக லூசியானாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் வெண்டைக்காயிட்டுக் குழம்பைக் கெட்டியாக்கும் முறையை அங்கே நிலைநிறுத்தினார்கள். அந்த மண்ணின் பழங்குடிகளான சாக்டா மக்கள், சாசஃப்ராஸ் மரத்தின் இலையை உலர்த்தி இடித்த பொடியைக் குழம்பில் சேர்த்தார்கள். இன்று 'ஃபிலே' என்று விற்கப்படுவது அதுதான். மாவைக் கொழுப்பில் வறுக்கும் ரூ பிரெஞ்சுச் சமையலின் கொடை. இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா பகுதியில் வாழ்ந்த பிரெஞ்சு மொழி பேசும் அகாடியர்களை ஆங்கிலேயர்கள் 1755 முதல் நாடுகடத்தினர். அவர்களில் ஒரு பகுதியினர் 1765 வாக்கில் தொடங்கி லூசியானாவின் சதுப்பு நிலங்களிலும் புல்வெளிகளிலும் வந்து குடியேறினார்கள். 'அகாடியன்' என்ற சொல் நாவில் தேய்ந்து 'கேஜன்' ஆயிற்று. கம்போவை லூசியானா 2004இல் தன் அதிகாரபூர்வ மாநில உணவாக அறிவித்தது.

நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் கிரியோல் கம்போவில் பல சமையற்காரர்கள் தக்காளி சேர்ப்பார்கள். ரூவும் சற்று வெளிறிய நிறத்தில் இருக்கும். நகரத்துக்கு மேற்கே, கேஜன் நாட்டுப்புறத்தில், தக்காளிக்கு இடமில்லை. ரூ கருஞ்சிவப்பாக இருக்கும். குழம்பு சற்றே தளர்வாக ஓடும். நாம் இங்கே பார்க்கப் போவது இந்த இரண்டாவது வகையில், கோழியும் சாசேஜும் சேர்ந்த கம்போ. கற்றுக்கொள்ளத் தொடங்குபவருக்கு இதைவிட ஏற்றது வேறில்லை.

தேவையான பொருள்கள்

எட்டுப் பேர் வயிறாரச் சாப்பிடும் அளவைச் சொல்கிறேன். எலும்போடு கூடிய முழுக்கோழி ஒன்று, சுமார் ஒன்றரைக் கிலோ. புகையூட்டிய சாசேஜ் 450 கிராம். மைதா ஒரு கப், அதாவது ஏறத்தாழ 130 கிராம். எண்ணெய் ஒரு கப், அதாவது 240 மில்லி. பெரிய வெங்காயம் இரண்டு, பச்சைக் குடைமிளகாய் ஒன்று, செலரித் தண்டு மூன்று, பூண்டு ஆறு பல். பே இலை மூன்று, உலர்ந்த தைம் ஒரு தேக்கரண்டி, கருமிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி, வெண்மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, கேயேன் மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டி. இறுதியில் தூவ வெங்காயத்தாள் ஒரு கட்டும் பார்ஸ்லி ஒரு கைப்பிடியும் வேண்டும். ஃபிலே கிடைத்தால் சிறு புட்டி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சோற்றுக்கு அரிசி தனி.

கோழியைப் பற்றி ஒரு சொல். முட்டையிட்டு ஓய்ந்த முதிர்ந்த கோழியே கேஜன் குடும்பங்கள் கம்போவுக்கு விரும்பியது. அதன் இறைச்சி வேக நேரமெடுக்கும். ஆனால் சாற்றில் இறங்கும் சுவைக்கு ஈடில்லை. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு நாட்டுக்கோழி அந்த இடத்தை நன்றாக நிரப்பும். வேகும் நேரத்தை மட்டும் இரட்டிப்பாக்கிக்கொள்ள வேண்டும். எலும்பில்லாத நெஞ்சுக்கறியை வாங்காதீர்கள். நெடுநேரம் கொதித்தால் அது சக்கையாகிவிடும். எலும்பில்லாததால் சாறும் வெறும் தண்ணீராகவே நிற்கும்.

சாசேஜில் அசலானது 'ஆண்டூயி' எனப்படும் வகை. பன்றியின் தோள்பகுதி இறைச்சியைப் பெரிதாகக் கொத்தி, பூண்டும் மிளகும் சேர்த்து, விறகுப் புகையில் நெடுநேரம் வைத்து இதைச் செய்வார்கள். மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள லாப்ளாஸ் என்னும் ஊர் இதற்குப் பேர்போனது. பிரான்சில் இதே பெயரில் கிடைப்பது குடலைக் கொண்டு செய்யப்படும் வேறொரு பண்டம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆண்டூயி கிடைக்காத ஊரில் நன்றாகப் புகையூட்டப்பட்ட எந்த சாசேஜும் உதவும். பன்றி இறைச்சி உண்ணாதவர்கள் புகையூட்டிய வான்கோழி அல்லது கோழி சாசேஜை எடுத்துக்கொள்ளலாம். புகைமணம் இருக்க வேண்டும் என்பதே முக்கியம். அது இல்லாத சாதாரண சாசேஜ் கம்போவில் தனியாக மிதக்கும், குழம்போடு ஒட்டாது.

எண்ணெய் வாசனையற்றதாக இருக்கட்டும். சுத்திகரித்த கடலை எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் ஏற்றவை. பழைய தலைமுறையினர் பன்றிக் கொழுப்பைப் பயன்படுத்தினார்கள். நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் தங்கள் மணத்தால் மற்றெல்லாவற்றையும் மூடிவிடும். வெண்ணெயில் உள்ள பால்பொருள் நெடுநேர வறுவலைத் தாங்காமல் கருகிவிடுவதால், இவ்வளவு கறுத்த ரூவுக்கு அதுவும் ஆகாது. பே இலை என்று சொன்னது லாரல் மரத்தின் இலையை. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பிரிஞ்சி இலை பட்டை மணம் கொண்ட வேறொரு மரத்துடையது. அதைப் போட்டால் கம்போவில் பிரியாணி வாசம் எழும். லாரல் இலை அகப்படாவிட்டால் இலையே இல்லாமல் சமைப்பது மேல்.

முதலில் சாறு

கோழியை நான்கைந்து பெரிய துண்டுகளாக்கி, மூன்று லிட்டர் தண்ணீரில் இடுங்கள். இரண்டாக வெட்டிய வெங்காயம் ஒன்றையும் (இது மேற்சொன்ன அளவில் சேராதது), செலரியின் இலைகளையும், ஒரு பே இலையையும், பத்து மிளகையும் போட்டு, கொதி வந்ததும் தீயைத் தணித்து, மேலே எழும் நுரையை எடுத்துவிடுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதிக்காமல், ஆங்காங்கே குமிழி மட்டும் எழும்படி ஒரு மணி நேரம் வைத்தால் இறைச்சி எலும்பிலிருந்து கழன்று வரும் பதத்தை அடையும். நாட்டுக்கோழியென்றால் இரண்டு மணி நேரமாவது வேண்டும். இறைச்சியைப் பிய்த்து எடுத்து, ஒரு கரண்டிச் சாறு ஊற்றி மூடி, குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். எலும்புகளை மறுபடி பாத்திரத்திலிட்டு இன்னும் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டினால், ஏறத்தாழ இரண்டேகால் லிட்டர் சாறு கிடைக்கும். குறைந்தால் வெந்நீர் சேர்த்துக்கொள்ளலாம். உப்பு இப்போது வேண்டாம். சாசேஜிலிருந்து எவ்வளவு உப்பு இறங்கும் என்பது இந்த நிலையில் நமக்குத் தெரியாது.

இதை முந்தைய நாளே செய்து வைப்பது என் பழக்கம். மறுநாள் சாற்றின் மேல் உறைந்து நிற்கும் கொழுப்பை வழித்தெடுத்துவிட முடிகிறது என்பதோடு, ரூ வறுக்கும்போது கவனம் வேறெதிலும் சிதறாமலும் இருக்கிறது.

ரூவுக்கு முன் வெட்டி முடிக்க வேண்டியவை

வெங்காயம், குடைமிளகாய், செலரி இம்மூன்றையும் கேஜன் சமையலில் 'பரிசுத்த திரித்துவம்' என்பார்கள். கத்தோலிக்கப் பற்று மிகுந்த மக்கள் அன்போடு வைத்த பெயர் அது. வெங்காயம் இரண்டு பங்கும் மற்றவை ஒவ்வொரு பங்குமாகப் பொடியாக அரிந்து ஒரே கிண்ணத்தில் வையுங்கள். பூண்டை நறுக்கித் தனியாக வையுங்கள். சாசேஜை விரற்கடைப் பருமனில் வட்ட வட்டமாக வெட்டி, வெறும் வாணலியில் இருபுறமும் சிவக்க வாட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இவையெல்லாம் அடுப்பின் பக்கத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ரூவை வறுக்கத் தொடங்கிய பிறகு வெங்காயம் உரிக்கப் போக முடியாது. முதன்முறை நான் கதவு மணி ஒலித்தது என்று போய்த் திரும்புவதற்குள், அரை மணி நேரம் வறுத்த மாவு கரிந்து, எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க நேர்ந்தது.

ரூ வறுத்தல்

அடிகனமான, ஆறு லிட்டருக்குக் குறையாத பாத்திரம் வேண்டும். வார்ப்பிரும்பு சிறந்தது, வெப்பம் ஒரே சீராகப் பரவும். பாத்திரத்தின் உட்புறம் கறுப்பாக இருந்தால் நிறம் பார்ப்பது கடினம் என்பதால், அவ்வப்போது ஒரு சொட்டு ரூவை வெள்ளைத் தட்டில் வைத்துப் பாருங்கள். கிளறுவதற்கு அடி தட்டையான மரக்கரண்டி நல்லது. அது பாத்திரத்தின் மூலைகளையும் வழித்தெடுக்கும். ரூ மிகுந்த சூட்டில் இருப்பதோடு, தோலில் பட்டால் பாகைப் போல ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுட்டுவிடும். குழந்தைகளை அடுப்படியிலிருந்து விலக்கி வையுங்கள். முழுக்கைச் சட்டை அணியுங்கள். வேகமாகச் சுழற்றிக் கிளறாதீர்கள். மேலே தெறித்துவிட்டால் உடனே ஓடும் குளிர்ந்த நீரில் நெடுநேரம் பிடியுங்கள்.

எண்ணெயை நடுத்தரத் தீயில் சூடாக்கி, ஒரு சிட்டிகை மாவைப் போட்டால் மெல்லச் சலசலக்கும் நிலை வந்ததும், மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கட்டியில்லாமல் கலந்துவிடுங்கள். மாவிலுள்ள ஈரம் வெளியேறுவதால் முதலில் நுரைக்கும். பிறகு கடற்கரை மணல்போல வெளிறிய நிறத்தில் அமரும். இங்கிருந்து கை ஓயக் கூடாது. தீ நடுத்தரத்துக்குச் சற்றுக் கீழேயே இருக்கட்டும். பத்து நிமிடங்களில் சுட்ட மாவின் மணம் வரும். இருபதாம் நிமிடத்தையொட்டி வறுத்த நிலக்கடலையின் நிறமும் அதே மணமும் வந்துவிடும். இத்தனை நேரம் இறுகலாக இருந்த கலவை அப்போது கொஞ்சம் இளகி, கரண்டியிலிருந்து எளிதாக வழியத் தொடங்கும்.

மாவிலுள்ள மாச்சத்தின் நீண்ட இழைகள் வெப்பத்தில் சிறு துண்டுகளாக உடைகின்றன. அதனால் கெட்டியாக்கும் வலிமை படிப்படியாகக் குறைகிறது. அதே வேளையில் மாவின் புரதமும் சர்க்கரையும் வெப்பத்தில் வினைபுரிந்து, காப்பிக்கொட்டை வறுபடும்போதும் ரொட்டி சிவக்கும்போதும் எழுவது போன்ற நூற்றுக்கணக்கான மணங்களை உண்டாக்குகின்றன. ஆகவே ரூ கறுக்கக் கறுக்கச் சுவை ஏறும், கெட்டித்தன்மை இறங்கும். கேஜன் கம்போ தளர்வாகவும் அதே சமயம் அவ்வளவு ஆழமான சுவையோடும் இருப்பதற்குக் காரணம் இதுவே.

முப்பதாம் நிமிடத்துக்குப் பிறகு நிறம் வேகமாக மாறும். பழைய செப்புக் காசின் நிறம் வந்த பிறகு, அதைத் தாண்டிப் பால் சாக்லேட்டின் நிறத்துக்குப் போக ஐந்து முதல் பத்து நிமிடம்தான் ஆகும். என் பக்கத்து வீட்டு அம்மையார் இந்தக் கட்டத்தில் பேச்சை நிறுத்திவிடுவார். ஒரு கையில் கரண்டியும் மறு கையில் தீயின் திருகும் இருக்கும். முகத்தைப் பாத்திரத்தின் பக்கம் சாய்த்து, மூக்கால்தான் பார்ப்பார். கடலை மணம் மறைந்து, கசப்பு இழையோடும் காப்பி மணம் லேசாகத் தட்டியதும், "இப்போது, ஷா" என்பார். 'ஷா' என்பது அவர்கள் பேசும் பிரெஞ்சில் கண்ணே என்பது போன்ற விளி. அந்த ஒரு சொல் வந்தால் நான் காய்க் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட வேண்டும். இன்றுவரை நான் கடிகாரத்தைவிட மூக்கையே நம்புகிறேன். தீயின் அளவும் பாத்திரத்தின் கனமும் வீட்டுக்கு வீடு மாறுவதால், நான் சொன்ன நிமிடக் கணக்கை ஒரு திசைகாட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் செய்பவர்கள் பால் சாக்லேட் நிறத்திலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். காய்களைக் கொட்டிய பிறகும் ரூ சற்று நேரம் கறுத்துக்கொண்டே போகும் என்பதால், நீங்கள் நினைப்பதைவிட அடர்ந்த நிறம் கிடைக்கும். கறுப்புப் புள்ளிகள் தென்பட்டாலோ, காரமான புகை எழுந்து கண்ணைக் கரித்தாலோ, ரூ கரிந்துவிட்டது என்று பொருள். அதை எதைச் சேர்த்தும் மீட்க முடியாது. அந்தக் கசப்பு குழம்பு முழுவதிலும் பரவி நிற்கும். ஒரு கப் மாவும் ஒரு கப் எண்ணெயும்தானே போயிற்று என்று எண்ணி, ஆறவிட்டுக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள். கோழியும் சாறும் பத்திரமாகத் தனியே இருப்பதால் பெரிய இழப்பு இல்லை.

ஓபலூசாஸ் ஊரில் பிறந்து கேஜன் சமையலை உலகறியச் செய்த பால் புருடோம், எண்ணெயைப் புகையும் அளவுக்குச் சூடாக்கி, சில நிமிடங்களிலேயே ரூவைக் கறுக்கவைக்கும் முறையைப் பரப்பினார். தேர்ந்த கைகளுக்கு அது பொருந்தும். முதன்முறை சமைப்பவர் அதைத் தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சூட்டுக்கு அஞ்சுபவர்களுக்கு வேறொரு வழி உண்டு: எண்ணெயே இல்லாமல் மாவை மட்டும் அகலமான தட்டில் பரப்பி, ஓவனில் 200 டிகிரி செல்சியஸில் வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளறிவிட்டு, சுமார் ஒரு மணி நேரத்தில் கரும்பழுப்பாக்கிவிடலாம். பிறகு காய்களைக் கொஞ்சம் எண்ணெயில் வதக்கி, இந்த மாவைச் சாற்றில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றலாம். எண்ணெயைக் குறைக்க விரும்புபவர்களுக்கும் இது ஏற்றது. மணம் மட்டும் ஒரு படி குறைவாக இருக்கும்.

காய்கள் ரூவில் விழும்போது

கிண்ணத்தைக் கவிழ்த்ததும் பெருஞ்சத்தத்தோடு நீராவி எழும். கையை உடனே விலக்கிக்கொள்ள வேண்டும். காய்களின் ஈரம் ரூவின் சூட்டைத் தணித்து, மாவு மேலும் கருகாமல் நிறுத்துகிறது. பளபளப்பாக இருந்த ரூ ஒரு கணத்தில் காய்களைச் சுற்றிச் சுருண்டு, ஈர மண்போல இறுகும். பயப்பட வேண்டாம், அதுவே சரியான நிலை. தொடர்ந்து கிளறிக்கொண்டே எட்டு நிமிடம் வதக்கினால் வெங்காயம் கண்ணாடிபோல் ஆகி, அதன் இனிப்பு ரூவின் கசப்போடு கலக்கும் மணம் வீடு முழுவதும் நிறையும். பூண்டைச் சேர்த்து இன்னும் ஒரு நிமிடம் கிளறி, தைம், இரண்டு மிளகுத்தூள்கள், கேயேன் எல்லாவற்றையும் இப்போதே போட்டுவிடுங்கள்.

அடுத்துச் சாறு. சாறு வெதுவெதுப்பாக இருக்கட்டும். ஒரு கரண்டி ஊற்றி, அது முழுவதும் மாவில் கலக்கும்வரை கிளறி, பிறகு அடுத்த கரண்டி என்று ஐந்தாறு முறை நிதானமாகச் செய்தால் கட்டி விழாது. கலவை பசைபோல் இருந்து குழம்பாக இளகியதும் மீதிச் சாறு முழுவதையும் ஊற்றிவிடலாம். தீயைக் கூட்டி ஐந்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிடுங்கள். ரூவும் சாறும் பிரியாமல் சேர இது உதவும். பிறகு தீயைத் தணித்து, மீதி இரண்டு பே இலைகளையும், வாட்டிய சாசேஜையும் சேர்த்து, மூடாமல் வையுங்கள்.

மெல்லிய கொதி

இனி ஒரு மணி நேரத்துக்குப் பெரிய வேலை இல்லை. பாத்திரத்தின் ஓரமாகச் செந்நிற எண்ணெய் பிரிந்து மிதக்கும். ரூவின் எண்ணெயும் சாசேஜின் கொழுப்பும் அவை. அகலமான கரண்டியால் அவ்வப்போது அதை வழித்தெடுத்துவிடுங்கள். இந்தப் படியைத் தவிர்ப்பவர்கள் பிறகு கம்போ வயிற்றில் கனக்கிறது என்பார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அடியைத் துழாவிவிட்டால் போதும். மாவு அடியில் தங்கினால் பிடித்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் கடந்ததும் பிய்த்து வைத்த கோழியைச் சேர்த்து இன்னும் அரை மணி நேரம் வையுங்கள். முதலிலேயே சேர்த்தால் இறைச்சி நார்நாராகிக் காணாமல் போய்விடும்.

இப்போதுதான் உப்புப் பார்க்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, ஒரு கரண்டிச் சோற்றோடு சேர்த்துச் சுவைத்துப் பாருங்கள். குழம்பை மட்டும் சுவைத்து உப்பை நிறுத்தினால், இலையில் சோறு சேரும்போது சப்பென்று தோன்றும். கடையில் விற்கும் கேஜன் மசாலாக் கலவைகள் பலவற்றில் உப்பு மிகுதியாக இருக்கும். அவற்றை நீங்கள் பயன்படுத்தியிருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. குழம்பின் பதம் சாம்பாரைவிடச் சற்றுத் தளர்வாக, கரண்டியின் பின்புறத்தில் மெல்லிய படலமாக ஒட்டும்படி இருந்தால் சரி. தீயை அணைத்து, நறுக்கிய வெங்காயத்தாளையும் பார்ஸ்லியையும் தூவி மூடி, கால் மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். பே இலைகளை எடுத்துவிட மறக்காதீர்கள்.

வெண்டைக்காயும் ஃபிலேயும்

வெண்டைக்காயைப் பற்றி நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. கழுவித் துடைத்து, ஈரமில்லாமல் நறுக்கி, தனி வாணலியில் எண்ணெய் விட்டு வழவழப்பு அடங்கும்வரை வதக்கிச் சேர்க்க வேண்டும் என்பதை லூசியானாவின் பாட்டிமார்களும் அப்படியே சொல்கிறார்கள். கோடையில் பிஞ்சு வெண்டை கிடைக்கும் காலத்தில் கால் கிலோ வெண்டையை இவ்வாறு வதக்கி, சாற்றை ஊற்றியதும் சேர்த்தால், குழம்பு தானே கெட்டிப்படும். அப்படிச் செய்யும்போது ரூவைக் கால்வாசி குறைத்துக்கொள்ளலாம்.

குளிர்பெட்டி இல்லாத காலத்தில் குளிர்காலத்தில் வெண்டை கிடைக்காது. அந்த இடத்தை ஃபிலே நிரப்பியது. பச்சை நிறமான இந்தப் பொடிக்கு மண்ணும் உலர்ந்த இலையும் கலந்தாற்போன்ற மெல்லிய மணம் உண்டு. இதைக் கொதிக்கும் குழம்பில் போடக் கூடாது என்பதே இதன் ஒரே விதி. கொதித்தால் நூல்நூலாக இழுபடும் பசையாகிவிடும். பிறகு அந்தப் பாத்திரத்தை மறுபடி சூடாக்கவும் முடியாது. ஆகையால் அவரவர் கிண்ணத்தில் குழம்பை ஊற்றிய பிறகு கால் தேக்கரண்டி தூவிக் கலக்கிக்கொள்வதே பாதுகாப்பான வழி. வெண்டையும் ஃபிலேயும் ஒரே வேலையைச் செய்வதால் இரண்டையும் ஒன்றாகப் போடுவது வழக்கமில்லை. சாசஃப்ராஸ் வேரின் எண்ணெயில் உள்ள சஃப்ரோல் என்னும் பொருளை உணவில் சேர்க்க அமெரிக்க அரசு 1960இல் தடை விதித்தது. ஃபிலே அம்மரத்தின் இலைப்பொடி. இலையில் அந்தப் பொருள் மிகக் குறைவு என்பதால் இது கடைகளில் தடையின்றி விற்கப்படுகிறது.

பரிமாறுவது

தென்மேற்கு லூசியானா நெல் விளையும் பூமி. கிரௌலி என்னும் ஊர் தன்னை அமெரிக்காவின் அரிசித் தலைநகர் என்று அழைத்துக்கொள்கிறது. அங்கே கம்போவுக்கு நடுத்தர நீளமுள்ள, வாசனையற்ற வெள்ளை அரிசியை வடிப்பார்கள். பாசுமதி வேண்டாம், அதன் மணம் ரூவின் மணத்தோடு மோதும். தமிழ்நாட்டில் பொன்னிப் பச்சரிசி நன்றாகப் பொருந்துகிறது. சோற்றைக் குழம்போடு சேர்த்து வேகவைக்காதீர்கள். அரிசி சாற்றையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். குழிவான கிண்ணத்தில் ஒரு சிறு குவியலாகச் சோற்றை வைத்து, அது பாதி மூழ்கும்படி கம்போவை ஊற்றுங்கள். நம் இலையைப் போலச் சோறு மிகுந்து குழம்பு குறைந்திருந்தால், அந்த ஊர்க்காரருக்கு அது கம்போவாகத் தோன்றாது.

கேஜன் வீடுகளில் உருளைக்கிழங்கு சாலட்டைக் கூடவே வைப்பார்கள். வேகவைத்த உருளைக்கிழங்கு, அவித்த முட்டை, மயோனைஸ், கடுகு விழுது சேர்ந்த அந்தக் குளிர்ந்த சாலட்டில் ஒரு கரண்டி எடுத்து, சூடான கம்போவுக்குள்ளேயே போட்டுச் சாப்பிடுபவர்கள் அங்கே ஏராளம். முதலில் எனக்கு வியப்பாக இருந்தது; சாப்பிட்டுப் பார்த்த பிறகு அது இல்லாமல் நான் பரிமாறுவதில்லை. கூடுதல் காரம் வேண்டுபவர்கள் கிண்ணத்தில் சில சொட்டு மிளகாய் சாஸ் விட்டுக்கொள்ளலாம். 1868 முதல் லூசியானாவின் ஏவரி தீவில் தயாராகிவரும் டபாஸ்கோ உலகமெங்கும் கிடைக்கிறது.

மார்டி கிரா நாளில், அதாவது திருநீற்றுப் புதனுக்கு முந்தைய செவ்வாயன்று, மாமூ, யூனிஸ் போன்ற சிற்றூர்களில் முகமூடி அணிந்தவர்கள் குதிரையேறி வீடு வீடாகச் சென்று, ஆடிப் பாடி, கம்போவுக்கான பொருள்களைக் கேட்டுப் பெறுவார்கள். வீட்டுக்காரர் கோழியை உயிரோடு பறக்கவிடுவார். துரத்திப் பிடிப்பது அவர்கள் பாடு. மாலையில் ஊர் முழுவதற்கும் கம்போ. மறுநாள் தவக்காலம் தொடங்கிவிடும். இறைச்சியை விலக்கும் அந்த நாள்களில் இறாலும் நண்டும் இட்ட கடலுணவுக் கம்போ சமைக்கிறார்கள். நீங்களும் அதைச் செய்ய விரும்பினால், இறால் தலைகளையும் ஓடுகளையும் முக்கால் மணி நேரம் கொதிக்கவைத்துச் சாறு எடுத்து, மற்ற எல்லாவற்றையும் இதே முறையில் செய்து, உரித்த இறாலை அடுப்பை அணைப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பு மட்டும் சேர்த்தால் போதும்.

பிழை நேர்ந்தால்

குழம்பு மிகவும் நீர்த்திருந்தால் பச்சை மாவைக் கரைத்து ஊற்றாதீர்கள். அந்த மாவு வாசனை கடைசிவரை போகாது. மூடாமல் இன்னும் அரை மணி நேரம் கொதிக்கவிடுங்கள், அல்லது ஃபிலேயை நம்புங்கள். கெட்டியாகிவிட்டால் வெந்நீர் போதும். ரூவும் சாறும் பிரிந்து, எண்ணெய் மேலேயும் மாவு திட்டுத்திட்டாகக் கீழேயும் நின்றால், தீயைக் கூட்டிப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, கம்பிக் கரண்டியால் அடித்துக் கலக்கினால் பெரும்பாலும் சேர்ந்துவிடும். நிறம் எதிர்பார்த்ததைவிட வெளிறியிருந்தால் அடுத்த முறை ரூவை இன்னும் ஐந்து நிமிடம் வறுத்துக்கொள்ளலாம். இம்முறை அதை அப்படியே சாப்பிடுங்கள்; வெளிறிய கம்போவும் நல்ல உணவுதான்.

மீந்ததை வைப்பதில் கவனம் தேவை. பெரிய பாத்திரத்தோடு குளிர்பெட்டியில் வைத்தால் நடுப்பகுதி ஆற நெடுநேரமாகும். சிறு பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடுங்கள். மூன்று நான்கு நாள் நன்றாக இருக்கும். உறைபெட்டியில் மூன்று மாதம் வரை தாங்கும். மறுநாள் கம்போவின் சுவை முதல் நாளைவிட ஒன்றி, கனிந்திருக்கும் என்பதால், விருந்தென்றால் நான் ஒரு நாள் முன்னதாகவே சமைத்துவிடுகிறேன். வெளியே எடுக்கும்போது மேலே படிந்திருக்கும் கொழுப்பை வழித்துவிட்டு, சாறு இறுகியிருந்தால் அரைக் கப் தண்ணீர் தெளித்து, சிறு தீயில் அடிபிடிக்காமல் துழாவிக்கொண்டே கொதி வரும்வரை சூடாக்குங்கள். சோற்றை மட்டும் அன்றைக்குப் புதிதாக வடித்து, ஃபிலேப் புட்டியை மேசையில் வைத்துவிடுங்கள்.